கச்சான் காற்று ஊரில் சுண்டெலிக் குட்டி எடுப்பது: பெட்டி கட்டுவதிலிருந்து குட்டி பிரிக்கும் நாள் வரை

வெள்ளைச் சுண்டெலி இரண்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்த அன்று அம்மம்மா கேட்டது இப்பவும் ஞாபகம்: "ஊரெல்லாம் எலிக்குப் பொறி வைக்குது, நீ எலிக்கு வீடு கட்டுறியோ?" ஒரு மாதத்தில் அவவே பாண் துண்டோடு பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தது வேறு கதை. நான் இருப்பது திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம், தகரக் கூரை வீடு. சில வருடங்களாகச் சுண்டெலி வளர்த்துக் குட்டி எடுக்கிறேன், அதில் பாதிக் காலம் பிழை விட்டுத்தான் பழகினேன். இணையத்தில் கிடைக்கிற குறிப்புகளைப் பார்த்துச் செய்ததால் வந்த பிழைகள்தான் அதிகம், ஏனென்றால் அவற்றை எழுதியவர்கள் குளிர் ஊர்க்காரர். பெட்டியை எப்படிச் சூடாக வைப்பது என்று பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். திருமலையில் யாருக்கு வேண்டும் அது?

எல்லாருக்கும் வேலை பெட்டியில்தான் தொடங்கும். இங்கே அதற்கு முன்னால் கலண்டரைப் பாருங்கள்.

எந்த மாதம்?

சும்மா இருக்கிற சுண்டெலிக்கு 30 பாகை செல்சியஸ் பெரிய சூடில்லை, சொல்லப்போனால் அதற்கு அதுதான் சுகமான சூடு. பால் கொடுக்கிற தாயின் நிலைமை வேறு. பால் சுரப்பதே உடம்பைச் சூடாக்கும் வேலை. அந்தச் சூட்டை வெளியே விட முடியாவிட்டால் தாய் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும், சாப்பாடு குறைந்தால் பால் குறையும், குட்டி சூம்பும். 21 பாகையில் இருக்கிற தாயை விட 30 பாகையில் இருக்கிற தாய் குறைவாகத் தின்று குறைவான பால் கொடுப்பதை ஆய்வுகூடத்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். எலிக்கு வியர்க்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தென்மேற்குக் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, காய்ந்து சூடேறி இந்தப் பக்கம் கச்சானாக இறங்கும், பகலில் 34, 35 பாகை சர்வசாதாரணம். அந்த மாதங்களில் நான் எடுத்த குட்டிகள் எல்லாம் சின்னனாகவே நின்றன. ஒரு ஈற்றில் பாதி தப்பவில்லை. சாப்பாட்டை மாற்றினேன், பெட்டியை மாற்றினேன், பிழை மாதத்தில் இருந்தது என்று விளங்க இரண்டு கோடை போனது.

ஆகவே கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்த பிறகு ஆணைச் சேருங்கள். மார்கழி, தை, மாசி மூன்றும் நல்ல மாதங்கள். சினை மூன்று வாரம், பால் குடி நான்கு வாரம், ஆக ஒரு ஈற்றுக்கு ஏழு வாரம் வேண்டும். சித்திரை கடைசிக்குள் குட்டிகளைப் பிரித்துவிட வேண்டுமென்றால் பங்குனி நடுப்பகுதிக்குப் பிறகு ஆணும் பெண்ணும் ஒரே பெட்டியில் இருக்கக்கூடாது. இன்னொன்று, கடும் சூட்டில் கிடந்த ஆணின் விந்தும் கெட்டுப்போகும். புது விந்து உருவாகி முடிய ஏறக்குறைய 35 நாள் எடுக்கும் என்பதால், ஆவணியில் வாடிய ஆண் புரட்டாதியில் ஒன்றுக்கும் உதவாமல் இருந்தால் அதைக் குறை சொல்லாதீர்கள்.

எத்தனை குட்டி, யாருக்கு?

ஒரு ஈற்றில் 6 முதல் 12 குட்டி வரும். ஈன்று ஒரு நாளுக்குள் தாய் மறுபடி இணைசேரத் தயாராகிவிடும், ஆண் பக்கத்தில் இருந்தால் அன்றிரவே அடுத்த சினை, மூன்று மூன்றரை வாரத்தில் அடுத்த ஈற்று. இரண்டு பெண்ணும் ஒரு ஆணும் சேர்ந்தே இருந்தால் மூன்று மாதத்துக்குள் ஐம்பது குட்டியைத் தொடலாம், அதற்குள் முதல் ஈற்றுப் பெண்களும் ஆறு வாரத்தில் சினை பிடிக்கிற வயதுக்கு வந்திருக்கும். பிறகு கணக்கு உங்கள் கையில் இல்லை.

அதனால் ஒரு தாளில் பெயர் எழுதுங்கள்: யார் எத்தனை எடுப்பார்கள், ஆண் எடுப்பார்களா, பெண்தான் வேண்டுமா. பெண் குட்டிக்கு ஆள் கிடைக்கும். ஆண் குட்டியின் மூத்திர மணத்தைத் தெரிந்தவன் எடுக்க மாட்டான், தெரியாதவன் இரண்டு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து தருவான். மிஞ்சினால் வளவில் விடலாம் என்று யோசிக்கவே வேண்டாம். பிரெட்ரிக் கோட்டைக்குள் திரிகிற மான்கள் மாதிரி தானாக வாழ்ந்துவிடும் சாதி இல்லை இது, வெள்ளை எலியைப் பூனையும் காகமும் அரை நாளில் முடித்துவிடும். தப்பினால் பக்கத்து வீட்டு அரிசிச் சாக்குக்குள் போய் உங்களுக்குச் சண்டை தேடித் தரும்.

தாளில் பத்துப் பெயருக்குக் குறைவாக இருந்தால் ஒரு பெண்ணோடு நிறுத்துங்கள்.

பெட்டி

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். ஆண் எலிக்கு அது முழு உண்மை: வளர்ந்த இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும், அண்ணன் தம்பி என்றாலும் உத்தரவாதமில்லை, இடையில் ஒரு பெண் மணம் வந்துவிட்டால் முடிந்தது. பெண்களுக்குப் பழமொழி பொருந்தாது. இரண்டு மூன்று பெண்கள் ஒரே கூட்டில் சுருண்டு படுக்கும், ஒன்றின் குட்டிக்கு மற்றது பால் கொடுக்கும். ஆகவே குறைந்தது மூன்று பெட்டி வேண்டும்: பெண்களுக்கு ஒன்று, ஆணுக்கு ஒன்று, பிரிக்கிற ஆண் குட்டிகளுக்கு ஒன்று. மூன்றாவதைக் குட்டி பிறந்த பிறகு வாங்கலாம் என்று விட்டால் வாங்க மாட்டீர்கள்.

உடுப்பு போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி போதும், நீளம் 60 சென்டிமீற்றர், அகலம் 40 அளவில். மூடியின் நடுப்பகுதியையும் பக்கத்தில் ஒரு பெரிய சதுரத்தையும் வெட்டி எடுத்துவிட்டுக் கம்பி வலை பூட்டுங்கள். வலைக் கண் கால் அங்குலத்தை விடப் பெரிதாக இருக்கக்கூடாது. அரை அங்குல வலையில் ஒரு தடவை பெட்டி கட்டி, மூன்று வாரக் குட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக வெளியே வந்து குசினிக்குள் ஊர்வலம் போனதைப் பார்த்திருக்கிறேன். பசை போட்டு ஒட்டாமல் ஆணியும் நட்டும் போட்டு இறுக்குங்கள். வெட்டிய பிளாஸ்டிக் விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அங்கிருந்துதான் கடிக்கத் தொடங்கும், வலையை உள்பக்கமாக வைத்து விளிம்பை மூடிவிடுங்கள்.

பழைய மீன் தொட்டி வேண்டாம். நான்கு பக்கமும் கண்ணாடி என்றால் மூத்திரத்து அமோனியா அடியிலேயே தங்கும், குட்டி மூச்சு விடுவது அந்த அடியில்தான், நம் ஊர்ச் சூட்டில் அது அவிச்சல் பெட்டியாகிவிடும். குருவிக் கூடும் வேண்டாம், கம்பி இடைவெளி அதிகம். மாடி, ஏணி எல்லாம் குட்டி எடுக்கிற பெட்டிக்குள் தேவையில்லை, பால் குடித்துக்கொண்டே தொங்கி வந்த குட்டி மேல் தட்டிலிருந்து விழும். ஓடுகிற சில்லு இருந்தால் சினையின் கடைசி வாரம் எடுத்துவிட்டு, குட்டி பிரித்த பிறகு திருப்பிப் போடுங்கள்.

எறும்பு

என் முதல் ஈற்றை எறும்பு கொண்டுபோனது. மாரி தொடங்கி வளவுக்குள் தண்ணீர் ஏறினால் எறும்பு வீட்டுக்குள் வரும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் பிறந்து இரண்டு நாள் ஆன, கண் திறக்காத, தோல் மட்டும் உள்ள குட்டி அதற்குச் சீனிப்போத்தல் மாதிரி என்று எனக்குத் தோன்றவில்லை. விடியப் பார்த்தபோது தாய் மூலையில் ஏறி நின்றது, கூடு முழுக்கச் சிவப்பு. அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

நான்கு கால் மேசை, ஒவ்வொரு காலும் தண்ணீர் நிரப்பிய பேணிக்குள். பழைய காலத்தில் சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்தது போல. மேசை சுவரில் முட்டக்கூடாது, திரைச்சீலை தொடக்கூடாது, ஃபேன் வயர் ஒன்று தொங்கி மேசையில் பட்டால்கூட அதுவே பாலம். ஆனால் தேங்கிய தண்ணீர் என்றால் நுளம்பு. 2017ல் கிண்ணியாவை டெங்கு எப்படி உலுக்கியது என்று இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பேணிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால் எலி வளர்ப்பு என்று விளக்கம் சொல்ல முடியாது. அதனால் தண்ணீரில் சவர்க்காரம் கரைத்து ஊற்றுங்கள், புதனும் ஞாயிறும் கொட்டிப் பேணியின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி மறுபடி ஊற்றுங்கள். நுளம்பு முட்டை பேணிச் சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. சவர்க்காரத் தண்ணீரில் எறும்பு மிதந்து கடக்கவும் முடியாது.

எறும்புச் சோக்கு, தூள் மருந்து எதுவும் மேசைக்குக் கிட்ட வேண்டாம், எலிக்கும் அது நஞ்சுதான். மஞ்சள் தூவினால் வராது என்பவர்கள் தூவிப் பார்க்கலாம். எனக்கு மஞ்சள்தான் மிச்சமில்லாமல் போனது.

பாம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலி மணத்துக்குச் சாரைப்பாம்பு வரும். மூடிக்கு இரண்டு பக்கமும் கொளுக்கி போடுங்கள், மேலே ஒரு கல்லும் வையுங்கள்.

சூட்டைக் குறைப்பது

நல்ல மாதங்களிலும் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் சூடுதான். வெளிச்சுவரை விட உள்சுவர்ப் பக்கம் வையுங்கள், யன்னலுக்கு நேரே வேண்டாம். ஒரு வெப்பமானி வாங்கிப் பெட்டி உயரத்தில் தொங்கவிடுங்கள், "இன்றைக்குக் கொஞ்சம் வெக்கை" என்ற நம்முடைய கணிப்பு எலிக்குச் சரிவராது. 30க்கு மேல் போனால் ஏதாவது செய்யத் தொடங்குங்கள், 32, 33 என்றால் அவசரம்.

ஃபேனை நம்பாதீர்கள். ஃபேன் நம்மைக் குளிர வைப்பது வியர்வையைக் காய வைத்து. வியர்க்காத பிராணிக்கு அது அறைக் காற்றை மாற்றித் தரும், அவ்வளவுதான், நேரடியாக அடித்தால் புதுக் குட்டிக்குக் குளிர் பிடிக்கும். வேலை செய்வது இரண்டு: தண்ணீரை உறையவைத்த சோடாப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வைப்பது (கூட்டுக்கு எதிர் மூலை, எலிக்குத் தேவையென்றால் அது போகும், தேவையில்லையென்றால் விலகும்), மற்றது வாய் உடைந்த சின்ன மண்முட்டியைக் கவிழ்த்து வைத்து வெளிப்புறத்தை ஈரமாக்குவது. காற்றே ஈரமாக இருக்கிற மாரியில் முட்டி வேலை செய்யாது, வறண்ட நாளில் நன்றாகச் செய்யும். 2022ல் ஒரு கட்டத்தில் 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்த நாட்களில் ஐஸ் போத்தலும் இல்லாமல் முட்டியோடுதான் சமாளித்தேன்.

எலி வயிறு நிலத்தில் பட நீட்டிப் படுத்திருந்தால் சூடு என்று அர்த்தம். வாயைச் சுற்றி, கழுத்தில், எச்சில் ஈரம் தெரிந்தால் ஆபத்து: உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றிக் கால், வால், காதுகளைச் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள், ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

அந்த அறையில் நுளம்புத்திரி கொளுத்தாதீர்கள், சாம்பிராணியும் கூடாது. சுண்டெலிக்கு நெஞ்சு பலவீனம்.

கீழே போடுவது, கூடு கட்டக் கொடுப்பது

தச்சுப் பட்டறையில் மரத்தூள் சும்மா கிடைக்கும் என்று ஓடாதீர்கள். பொடித்தூள் மூக்கை அடைக்கும், பலகைக்கு அடித்த பொலிஷும் பசையும் அதில் இருக்கும். மரம் சீவும்போது விழும் சுருள் சீவல் பரவாயில்லை, ஆனால் பைன் மணம் அடித்தால் வாங்காதீர்கள், அந்த எண்ணெய் மணம் எலியின் நெஞ்சையும் ஈரலையும் பாதிக்கும். நான் தம்பலகாமத்து ஆலையில் உமி ஒரு சாக்கு எடுத்து, இரண்டு நாள் வெயிலில் பரப்பிக் காயவைத்து, கிழித்த காகிதத்தோடு பாதிக்குப் பாதி கலக்கிறேன். உமி தனியாக ஈரம் உறிஞ்சாது, காகிதம் தனியாக என்றால் ஒரே நாளில் சேறாகும். தங்கச்சியின் பழைய டியூசன் தாள்கள் எல்லாம் அப்படித்தான் போனது.

கூட்டுக்கு டிஷ்யூ தாளும் மெல்லிய வைக்கோலும் நிறையக் கொடுங்கள். கிழித்துக் கொடுக்க வேண்டாம், கிழிப்பது அதன் வேலை. பஞ்சு, நூல், தும்பு மட்டும் வேண்டாம். குட்டியின் காலில் ஒரு இழை சுற்றினால் இரத்த ஓட்டம் நின்று கால் போய்விடும்.

சாப்பாடு

வளர்ந்த எலி ஒரு நாளைக்கு 4, 5 கிராம் தின்று அதே அளவு மில்லிலீற்றர் தண்ணீர் குடிக்கும். பால் கொடுக்கும் தாய் இரண்டு மூன்று மடங்கு. இந்தக் காலத்தில் சாப்பாட்டில் புரதம் 18 முதல் 20 வீதமாவது வேண்டும், வெறும் நெல்லும் பாணும் கொடுத்தால் கிடைக்காது. நான் கொடுப்பது: குரக்கன், உடைத்த சோளம், சிவப்பரிசி அடிப்படை. அவித்த பயறு அல்லது கடலை தினமும் கொஞ்சம். ஒரு தாய்க்கு ஒரு தேக்கரண்டி அவித்த முட்டை ஒன்றுவிட்டு ஒரு நாள். நாய்க்குட்டிக்குக் கொடுக்கிற பிஸ்கட் ஒரு துண்டு. நெத்தலிக் கருவாடு கொடுப்பதென்றால் இரவு முழுக்க ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுக் கொடுங்கள். கீரை, கரட் விரல் நுனி அளவு.

கச்சான் காற்றைப் போலவே கச்சான் கொட்டையிலும் (நிலக்கடலை) கவனம். எலி அதை விட்டு வேறெதையும் தின்னாது, கொழுத்த பெண் சினை பிடிக்கத் தாமதிக்கும். மாரிக் காலத்தில் கொட்டையும் சோளமும் பூஞ்சை பிடித்தால் அதிலிருக்கும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், கொஞ்சம் மணம் மாறினாலும் எறியுங்கள். பச்சை அவரை விதை, வெங்காயம், உள்ளி, சொக்லேட் கூடாது. கோழித்தீனில் முட்டைக்கோழிக்கானது சுண்ணாம்புச் சத்து கூடியது, குஞ்சுத்தீன் பலதில் மருந்து கலந்திருக்கும், இரண்டையும் நான் தொடுவதில்லை.

தண்ணீருக்குக் குழாய் வைத்த போத்தல். கோப்பை வைத்தால் இரண்டு வாரக் குட்டி அதில் மூழ்கும். குழாயின் நுனியில் இருக்கிற குண்டு அடைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும், காலையும் மாலையும் விரலால் தட்டிப் பாருங்கள்.

சோடி சேர்ப்பது

பெண்ணுக்கு முதல் ஈற்றுக்கு 10 முதல் 12 வாரம் சரியான வயது. ஆறு வாரத்திலேயே பிடிக்கும், ஆனால் அது குட்டி பெற்ற குட்டி. ஆறு மாதத்துக்கு மேல் முதல் ஈற்றைத் தள்ளவும் வேண்டாம். ஆணுக்கு எட்டு வாரம் கழிந்திருந்தால் போதும். மூச்சில் கிளிக் கிளிக் என்று சத்தம் வருவது, கடிப்பது, குட்டியைத் தின்ற தாயின் மகள், இந்த மூன்றையும் விலக்குங்கள். மற்றபடி நிறம் உங்கள் இஷ்டம்.

இனி ஒரு சின்னத் தந்திரம். ஆண் இல்லாமல் நெருக்கமாக வாழும் பெண்களுக்குப் பருவச் சக்கரம் மந்தமாகிவிடும், வழமையில் அது 4, 5 நாளுக்கு ஒருமுறை சுற்றுவது. சேர்ப்பதற்கு மூன்று நாள் முன்னால் ஆணின் பெட்டியிலிருந்து ஒரு பிடி அழுக்குக் காகிதத்தை எடுத்துப் பெண்கள் பெட்டியில் போடுங்கள். அந்த மூத்திர மணத்துக்குப் பெண்கள் பெரும்பாலும் மூன்றாம் இரவில் ஒன்றாகப் பருவத்துக்கு வரும். இரண்டு பெண்களும் ஓரிரு நாள் இடைவெளியில் ஈன்றால் நல்லது, ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் மூத்த குட்டிகள் இளையதைத் தள்ளிவிட்டுப் பாலைக் குடித்துவிடும்.

பெண்ணை ஆணின் பெட்டிக்குள் விடுங்கள், மாறி அல்ல. கொஞ்சம் கலைக்கும், கீச்சிடும், சரி. இரத்தம் வந்தால் மட்டும் பிரியுங்கள். விடியப் பெண்ணின் பிறப்புறுப்பில் வெண்மையாக ஒரு அடைப்புத் தெரிந்தால் அன்றிரவு சேர்ந்துவிட்டது, அது அரை நாளில் விழுந்துவிடும் என்பதால் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு வாரம் ஒன்றாக விடுங்கள், தேதியை எழுதுங்கள்.

அதற்கிடையில் ஆணை மாற்றாதீர்கள். சேர்ந்து சில நாட்களுக்குள் அறியாத வேறு ஆணின் மணம் பட்டால் சினை கலைந்து பெண் மறுபடி பருவத்துக்கு வரும். ஹில்டா புரூஸ் என்ற விஞ்ஞானி 1959ல் இதை வெளியிட்டார். பக்கத்துப் பெட்டி ஆணைத் தொட்ட கையோடு இவளைத் தூக்குவதையும் அதனால்தான் நான் தவிர்க்கிறேன்.

சினையும் ஈற்றும்

சினை 19 முதல் 21 நாள். 14ம் நாள் வரை ஒன்றும் தெரியாது, பிறகு இரண்டு பக்கமும் புடைத்துப் பேரிக்காய் மாதிரி ஆகும். அப்போது பெண்ணைப் பெண்கள் பெட்டிக்குத் திருப்பி மாற்றுங்கள். ஆண் கூட இருந்தால் குட்டியைத் தின்பான் என்று பயந்து அல்ல, தகப்பன் பெரும்பாலும் கூட்டில் படுத்துக் குட்டியைச் சூடாக வைத்திருப்பான். பிரச்சினை ஈன்ற அன்றிரவு, அடுத்த சினை. பால் கொடுத்துக்கொண்டே சினையையும் சுமக்கிற தாய் நம் ஊர்ச் சூட்டில் உருகிவிடும்.

16ம் நாள் பெட்டியை ஒருமுறை சுத்தம் செய்து, பழைய கூட்டுப் பொருளில் கொஞ்சத்தை விட்டுவைத்து, புது டிஷ்யூ போட்டு, தண்ணீரை நிரப்பி, மூடியைப் பூட்டுங்கள். இனிக் கை வைக்க வேலை இல்லை. ஈற்று வழமையாக இரவில். காலையில் கூட்டுக்குள் மெல்லிய சிணுங்கல் கேட்கும். நமக்குக் கேட்பது கொஞ்சம்தான், குட்டியின் அழுகையில் பெரும்பகுதி மனிதக் காதுக்கு எட்டாத உயர் ஒலி.

இந்த இடத்தில்தான் எல்லாரும் பிழை விடுவது. பார்க்க ஆசை. தங்கச்சியைக் கூப்பிடுவது, ஃபோனைப் பிடிப்பது, கூட்டைக் கிளறுவது. முதல் ஈற்றுத் தாய் பதறினால் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும், உமிக்குள் புதைக்கும், சிலது தின்றுவிடும். மூன்று நாள் எட்டியிருந்து சாப்பாடும் தண்ணீரும் மட்டும். நாலாம் நாள் தாய் சாப்பிட வெளியே வந்த நேரம், கையை அந்தப் பெட்டி உமியில் தேய்த்துவிட்டு, எண்ணிப் பாருங்கள், செத்தது இருந்தால் எடுங்கள், மூடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது முழுக்க உண்மையில்லை, ஒதுக்க வைப்பது பயம். குட்டி காணாமல் போனால் தாயைத் திட்டாதீர்கள், பிறக்கும்போதே செத்த குட்டியைத் தின்று கூட்டைச் சுத்தமாக வைப்பது அதன் இயல்பு. தண்ணீர் போத்தல் அடைத்திருந்ததா என்று முதலில் பாருங்கள்.

குட்டி வளர்வது

பிறக்கும்போது ஒரு கிராம், ஒன்றரைக் கிராம். இளஞ்சிவப்பு, கண்ணும் காதும் மூடி. வயிற்றின் இடப்பக்கம் தோலுக்குள்ளே வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் அது பால், குடித்திருக்கிறது. அந்த வெள்ளை இல்லாத குட்டி அடுத்த நாள் இருக்காது. மூன்று நாலு நாளில் காது மடல் பிரியும், கறுப்பு வரப்போகிற குட்டிக்குத் தோல் கறுக்கத் தொடங்கும். ஒரு வாரத்தில் வெல்வெட்டு மாதிரி மயிர்.

9ம், 10ம் நாளைத் தவறவிடாதீர்கள், பெண் குட்டிக்கு முலைக்காம்பு வரிசையாகப் பளிச்சென்று தெரிவது அப்போதுதான், இரண்டு மூன்று நாளில் மயிர் மூடிவிடும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எண்ணிக்கை எழுதிவையுங்கள். பிறகு பார்ப்பதென்றால் மலத்துவாரத்துக்கும் பிறப்புறுப்புக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும், ஆணுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

12 முதல் 14 நாளில் கண் திறக்கும். அடுத்த நாலைந்து நாள் தெள்ளுப் பூச்சி மாதிரி துள்ளும், மூடியைத் திறந்தால் முகத்தில் வந்து விழும். பயப்பட வேண்டாம், மூடியை மட்டும் பாதி திறவுங்கள். இந்த நாட்களில் தினமும் ஐந்து நிமிடம் கையில் வைத்துப் பழக்கினால் வாழ்நாள் முழுக்கக் கைக்கு வரும். திடச் சாப்பாட்டைக் கொறிப்பதும் இப்போதுதான், தண்ணீர்க் குழாயைக் குட்டி எட்டும் உயரத்துக்கு இறக்குங்கள்.

தாய்க்கு முலை பத்து. பன்னிரண்டு குட்டி பிறந்தால் இரண்டு மெலியும். அதே நாட்களில் ஈன்ற மற்றத் தாய்க்குக் குறைவாக இருந்தால் பெரிய குட்டிகளில் இரண்டை எடுத்து, அந்தக் கூட்டுப் பொருளில் உருட்டி, அங்கே வையுங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். தாய் செத்துப்போன குட்டிக்கும் இதுவே வழி. ஒரு வாரத்துக்குக் குறைந்த குட்டியைத் தூரிகையால் பால் கொடுத்துக் காப்பாற்ற நான் மூன்று தடவை இரவிரவாக முயன்றேன், மூன்றும் போனது. இரண்டு பெண்ணை ஒன்றாகச் சினைப்படுத்தச் சொன்னதில் இந்தக் காப்பும் இருக்கிறது.

பிரிப்பது, கழுவுவது

21 நாளில் பிரிக்கலாம் என்பார்கள், சின்னக் குட்டி என்றால் 28 வரை விடலாம். ஆனால் 28க்கு மேல் ஒரு நாளும் ஆண் குட்டியைத் தாயோடும் சகோதரிகளோடும் விடாதீர்கள், அது தெரியாமல் செய்கிற அடுத்த ஈற்று. முதலில் ஆண்களை மூன்றாவது பெட்டிக்கு மாற்றுங்கள். ஒன்றாக வளர்ந்த ஆண் குட்டிகள் ஆறேழு வாரம் வரை சேர்ந்திருக்கும், முதுகிலும் வாலடியிலும் கடிக் காயம் தெரிந்த அன்றே தனித்தனி. அதற்குள் தாளில் எழுதிய பெயர்க்காரர் வந்து எடுக்க வேண்டும்.

தாய்க்குக் குறைந்தது ஒரு மாதம் ஓய்வு. அதாவது ஒரு மாரிக்கு ஒரு தாய்க்கு ஒரு ஈற்று, முடிந்தால் இரண்டு. எட்டு மாதம் கடந்த பெண்ணை இனி சினைப்படுத்த வேண்டாம். சுண்டெலி வாழ்வதே ஒன்றரை, இரண்டு வருடம்.

வாரம் ஒருமுறை சுத்தம், ஈன்ற முதல் வாரம் தவிர. எடுத்த உமியும் காகிதமும் வாழையடிக்கு நல்ல பசளை. ஒவ்வொரு தடவையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவரைப் பெட்டிக்குக் கிட்டவும் விடாதீர்கள், சுண்டெலி சுமக்கக்கூடிய ஒரு வைரஸ் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும். எலித்தீனை மூடி இறுகிய பிஸ்கட் பேணியில் வையுங்கள், காட்டு எலி வந்து அதில் மூத்திரம் பெய்தால் எலிக்காய்ச்சல் உங்கள் வீட்டுக்கு வர வழி கிடைத்துவிடும். மூச்சுச் சத்தம், சொறி, மயிர் உதிர்வு என்றால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள், நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைத் தடவிப் பார்க்காதீர்கள்.

சித்திரை முடிய, நான் குட்டிப் பெட்டிகளைக் கழுவி வளவில் கவிழ்த்துக் காயவைத்துவிடுவேன். பெண்கள் ஒரு பெட்டியில், கிழவன் தன் பெட்டியில் மண்முட்டிக்குள். கச்சான் வீசி முடிந்து, கார்த்திகையில் முதல் அடை மழை தகரத்தில் விழுகிற வரைக்கும் அவை ஒன்றையொன்று பார்ப்பதில்லை.